பதினோராவது பாட்டிலில் மீன் இல்லை

எங்கள் ஆய்வகத்தில் இரண்டு பேருக்குத்தான் பட்டப்பெயர் நிலைத்தது. ஒருவர் இயக்குநர். எந்தத் தாளை நீட்டினாலும் மேலிருந்து கீழே கண்ணை ஒரே ஓட்டமாக ஓட்டிவிட்டு, "மொத்தம் எவ்வளவு?" என்று கேட்பார். நடுவில் இருப்பதெல்லாம் அவருக்கு வெறும் மை. ஆகவே அவர் மொத்தம். இன்னொருத்தி தசமம். காய்கறிக் கடைத் தராசில் கடைசி எண் ஆடி அடங்கும்வரை பையை எடுக்கமாட்டாள். பின்னால் நிற்கிறவர்கள் அவள் முதுகைப் பார்த்துப் பெருமூச்சு விட்டுக்கொண்டிருப்பார்கள். இரண்டு பெயரையும் வைத்தவள் நான்தான். பதினாறு வருடமாக இங்கே அறிக்கைகளைத் தட்டச்சு செய்கிறேன். வாயை மூடிக்கொண்டு விரலை மட்டும் ஆட்டுகிற வேலை அது. மனசுக்குள் ஆளுக்கொரு பெயர் வைப்பதைத் தவிர வேறு பொழுதுபோக்கு எனக்கு வாய்க்கவில்லை.

இது தசமத்தின் கதை. அவளிடம் அனுமதி கேட்கவில்லை. கேட்டிருந்தால் ஒவ்வொரு வரிக்கும் எத்தனை சதவீதம் பிழை வரலாம் என்று ஓரத்தில் எழுதித் தரச் சொல்லியிருப்பாள்.

அவளுடைய அப்பா தையல்காரர். அம்மா அவளுக்குப் பதினொரு வயதாகும்போது போய்விட்டாள். மூன்று வயதுத் தம்பியை அவள் தலையில் கட்டிவிட்டு அப்பா இயந்திரத்தின் பின்னால் போய் உட்கார்ந்துகொண்டார். அம்மா போன அதே மாதம், தன் தட்டிலிருந்த பொரித்த மீனில் ஒரு துண்டை முள் பார்த்து எடுத்துத் தம்பிக்கு ஊட்டினாள். ஐந்து நிமிடத்தில் அவன் உதடு வீங்கி, கண் இரண்டும் மூடி, மூச்சு விசிலடிக்கத் தொடங்கிவிட்டது. அவனை இடுப்பில் வைத்துக்கொண்டு மூன்று தெரு ஓடியிருக்கிறாள். டாக்டர் ஊசி போட்டுப் பிழைக்கவைத்தார். மீன் அவனுக்கு ஆகாது, ஒரு துண்டுகூட ஆகாது என்றும் சொன்னார். அன்றிலிருந்து அவன் வாய்க்குள் போகிற எதையும் அவள் பிரித்துப் பார்க்காமல் விட்டதில்லை. வேதியியல் படித்தது பிறகு நடந்தது. வேலை அன்றைக்கே ஆரம்பித்துவிட்டது என்று நினைக்கிறேன்.

கல்யாணமும் பொருத்தமாகவே அமைந்தது. புருஷன் அச்சகத்தில் பிழை திருத்துகிறவர். அவர்கள் வீட்டுக்கு ஒருமுறை போயிருந்தேன். "டீ கொஞ்சம் சூடு" என்றார் அவர். "எவ்வளவு கொஞ்சம்?" என்றாள் இவள். நான் டீயை ஆறவைத்துக் குடித்துவிட்டு வந்துவிட்டேன்.

எங்கள் ஆய்வகத்துக்கு வருகிறவை பெரும்பாலும் தண்ணீரும் மண்ணும் மனிதர்களின் சிறுநீரும். அவற்றில் ஆர்சனிக் எவ்வளவு இருக்கிறது என்று பார்ப்பது தசமத்தின் வேலை. ஆர்சனிக் என்றால் எல்லோருக்கும் தெரியும், விஷம். ஆனால் ஆர்சனிக்கில் பல வகை உண்டு என்பது எல்லோருக்கும் தெரியாது. தெரிய வேண்டியவர்களுக்கே தெரியாது. கல்லிலிருந்தும் பொடியிலிருந்தும் வருவது இரண்டு, அவைதான் ஆளைக் கொல்பவை. அவை உடம்புக்குள் போனால் உடம்பு அவற்றை மாற்றி வெளியே தள்ளப் பார்க்கும். அப்போது இன்னும் இரண்டு வகை உண்டாகும். மீனிலும் இறாலிலும் இருப்பது வேறொன்று. அது வந்த வழியே இரண்டு மூன்று நாளில் போய்விடும், யாருக்கும் எந்தக் கெடுதியும் செய்யாது. ஆனால் மொத்தமாக அளந்தால் எல்லாம் ஒரே எண்ணில் வந்து விழும். திருடனையும் விருந்தாளியையும் ஒரே அறையில் அடைத்துவிட்டுத் தலையை எண்ணுவது போல.

பிரித்து எண்ணுவதற்கும் வழி இருந்தது. எங்கள் இயந்திரத்துக்கு முன்னால் விரல் நீளத்தில் ஓர் எஃகுக் குழாய் பொருத்தி, அதன் வழியாக உப்புக் கரைசலோடு சிறுநீரை அனுப்பினால் ஒவ்வொரு வகையும் தன் தன் நேரத்துக்கு வெளியே வரும். வந்ததைச் சுடரில் எரித்து இயந்திரம் எண்ணும். தாளில் மேடு மேடாகக் கோடு வரும். சிக்கல் என்னவென்றால், மீன் வகைதான் முதலில் வரும். அதன் வாலைப் பிடித்துக்கொண்டே கொடிய வகை ஒன்று வரும். இரண்டும் ஒரே மேடாகத் தெரியும். மீன் அதிகமாக இருந்தால் அதன் முதுகுக்குப் பின்னால் விஷம் சௌகரியமாக ஒளிந்துகொள்ளும்.

அந்த இரண்டையும் பிரிக்க தசமம் ஏழு மாதம் செலவழித்தாள். கரைசலில் உப்பை ஒரு சிட்டிகை கூட்டுவாள், குறைப்பாள். சாம்பிள் வந்ததும் வழக்கப்படி எல்லா பாட்டிலிலும் ஆசிட்டை ஊற்றிவிடுகிற உதவியாளரோடு தினமும் சண்டை. ஆசிட் விழுந்தால் ஒரு வகை இன்னொன்றாக மாறிவிடும், பிறகு பிரித்து என்ன பயன்? ஆசிட்டில் இருந்து காப்பாற்றினால் குளிரில் வைக்க வேண்டும். குளிர்பெட்டியிலோ மொத்தம் சாரைப் பார்க்க வருகிற பெரிய மனிதர்களுக்கான ஆப்பிள் ஜூஸ் இருந்தது. ஜூஸும் அதே நிறம், பாட்டிலும் ஏறக்குறைய அதே அளவு. தசமம் தன் பாட்டில்களில் சிவப்புச் சீட்டு ஒட்டினாள். அன்றிலிருந்து பெரிய மனிதர்கள் எங்கள் ஆய்வகத்தில் எதையும் குடிப்பதில்லை.

ஒருநாள் காலை பத்தரை மணிக்கு என் மேஜைக்கு ஓடிவந்தாள்.

"அக்கா, பள்ளம் வந்துடுச்சு!"

"எங்கேடி? வாசல்லயா?"

"ரெண்டு மேட்டுக்கும் நடுவுல! அடிவரைக்கும் இறங்கிடுச்சு. இங்க பாருங்க!"

பார்த்தேன். இரண்டு மேடு, நடுவில் ஒரு பள்ளம். அதற்காக எல்லோருக்கும் பிஸ்கட் வாங்கித் தந்தாள். ஆளுக்கு இரண்டு, எண்ணி.

இனி அந்தக் கண்ணாடித் தொழிற்சாலையைப் பற்றிச் சொல்ல வேண்டும். உருகிய கண்ணாடியில் குமிழ் விழாமலிருக்க ஒரு வெள்ளைப் பொடி சேர்ப்பார்கள். அந்தப் பொடி ஆர்சனிக். கலவை அறை என்று ஒன்று. அதில் பத்தொன்பது பேர் மண்வாரியால் அள்ளிக் கலப்பார்கள். அவர்களுடைய சிறுநீர் ஆறு மாதத்துக்கு ஒருமுறை எங்களிடம் வரும். லிட்டருக்கு முப்பத்தைந்து மைக்ரோகிராமுக்கு மேல் போகக் கூடாது என்பது எங்கள் வரம்பு. வருவதோ எழுநூறு, எண்ணூறு, தொள்ளாயிரம்.

பயந்துவிடாதீர்கள். நாங்கள் யாரும் பயப்படவில்லை. ஒவ்வொரு பாட்டிலோடும் ஒரு சீட்டு வரும். அதில் ஒரு கேள்வி: கடந்த மூன்று நாளில் மீன் சாப்பிட்டீர்களா? பத்தொன்பது சீட்டிலும் 'ஆம்' கட்டத்தில் டிக். பொய்யும் இல்லை. அந்தக் கம்பெனிக்குத் தொழிலாளர் உடல்நலத்தில் அவ்வளவு அக்கறை. பரிசோதனைக்கு முந்தின நாள் மதியம் கலவை அறைக்காரர்களுக்கு மட்டும் விருந்து வைத்துவிடும். பொரித்த மீன், வதக்கிய இறால், நண்டு, கேட்டதற்கு மேல் ஒரு கரண்டி. மறுநாள் காலை பாட்டில். இந்த ஏற்பாட்டைக் கண்டுபிடித்தவர் கம்பெனி டாக்டர். வெளுத்த கோட்டும், எப்போதும் சிரிக்கிற பல்லும், ஓயாத கைகுலுக்கலுமாக இருப்பார்.

வரம்பைத் தாண்டினால் காரணம் எழுத வேண்டும். நான் எழுதுவேன்: "காணப்படும் அளவு மீன் உணவு உட்கொண்டதால் ஏற்பட்டது. கவலைக்கு இடமில்லை." ஒன்பது வருடத்தில் பதினெட்டு முறை, ஒவ்வொரு முறையும் பத்தொன்பது தாளில். விரல் வலிக்கிறதே என்று அந்த வாக்கியத்தைக் கணினியின் மேல்வரிசையில் ஒரு விசையில் ஏற்றி வைத்துக்கொண்டேன். ஒரு தட்டு, முழு வாக்கியமும் புள்ளியோடு வந்து உட்கார்ந்துகொள்ளும். என் கெட்டிக்காரத்தனத்தை நானே மெச்சிக்கொண்டேன்.

பள்ளம் வந்த பிறகு தசமம் அந்தப் பாட்டில்களையும் குழாயில் விட்டுப் பார்த்தாள். மீன் மலைக்குப் பின்னால் மற்ற மேடுகள் வரிசையாக நின்றன. மொத்தத்திடம் போய்ச் சொன்னாள். அவர் படிவத்தை எடுத்துக் காட்டினார்.

"இதுல எத்தனை கட்டம் இருக்கும்மா?"

"ஒண்ணு சார்."

"நீ எத்தனை எண் கொண்டுவந்திருக்கே?"

"அஞ்சு சார்."

"அஞ்சை ஒரு கட்டத்துல எப்படிம்மா போடறது? கூட்டிட்டு வா."

கூட்டினால் பழையபடி தொள்ளாயிரம்தான் வரும். அவள் ஒரு குறிப்பு எழுதிக் கொடுத்தாள். அவர் அதைக் கோப்பில் வைத்தார். அடுத்த ஆறு மாதத்திலும் ஒன்று எழுதினாள். அதற்கும் கோப்பில் இடம் இருந்தது. தசமம் பல்லைக் கடித்துக்கொண்டு வந்து தன் இருக்கையில் உட்கார்ந்தாள். அதற்கு மேல் செய்யவில்லை. நான் அதையும் செய்யவில்லை. ஆகையால் அவளைக் குறை சொல்ல எனக்கு வாய் இல்லை. இருந்தாலும் சொல்லிவைக்கிறேன், பின்னால் தேவைப்படும்.

இதற்கிடையில் அவள் தம்பி வளர்ந்து, கல்யாணமாகி, அதே தொழிற்சாலையில் வேலைக்குச் சேர்ந்திருந்தான். மூட்டை கட்டும் பிரிவில்தான் என்று அவளிடம் சொல்லியிருந்தான். ஆறடி உயரம், வாய் ஓயாத பேச்சு, அக்காவுக்கு மட்டும் பயம்.

இரண்டாவது குறிப்புக்கு அடுத்த முறையும் பத்தொன்பது பாட்டில்கள் வந்தன. பெயர் கிடையாது, எண் மட்டும். யார் எந்த எண் என்பது கம்பெனி டாக்டருக்குத்தான் தெரியும். முதல் பத்தும் வழக்கம்போல மீன் மலையோடு ஓடின. மதியம் மூன்று மணிக்குப் பதினோராவது ஓடியது. நான் அறிக்கைத் தாளோடு அவள் அறைக்குள் போனபோது அவள் திரையைப் பார்த்தபடி அசையாமல் நின்றிருந்தாள்.

முதலில் வரவேண்டிய மேடு இல்லை. தட்டையான தரை. அதற்குப் பிறகு மற்ற நான்கும் அப்படி அப்படியே நின்றன, மறைக்க எதுவும் இல்லாமல்.

"கெட்டுப்போச்சாடி?" என்றேன்.

"இல்லக்கா. மீன் இல்ல."

"சீட்டுல டிக் இருக்கே?"

"டிக் இருக்கு. மீன் இல்ல." நாற்காலியில் உட்கார்ந்தாள். "அந்தக் கலவை அறையில மீன் சாப்பிடாத ஆள் யாருக்கா இருக்க முடியும்? ஓசி இறாலை வேணாம்னு சொல்ற ஆள் யாரு?"

அவளுக்குப் பதில் தெரிந்திருந்தது. போன மாதம் தம்பி வீட்டுக்கு வந்தபோது அவன் உள்ளங்கை சொரசொரவென்று இருந்ததைப் பிடித்துப் பார்த்திருக்கிறாள். மூட்டைக் கயிறு உரசியது என்று அவன் சொன்னதை நம்பியிருக்கிறாள். எதையும் நம்பாத ஜென்மம், தம்பியை மட்டும் நம்பித் தொலைத்திருக்கிறது.

மேடுகளைக் கூட்டிப் பார்த்தாள். நூற்று முப்பத்தெட்டு. வரம்பைப்போல் நாலு மடங்கு, அத்தனையும் பொடி.

பதினெட்டுப் பாட்டிலுக்கு ஒரு வருடமாகக் குறிப்பெழுதிக்கொண்டிருந்தவள், பதினோராவது பாட்டிலுக்கு அந்த நிமிடமே கதவைத் தட்டாமல் மொத்தத்தின் அறைக்குள் நுழைந்தாள். கையெழுத்துக்குத் தாள் கொண்டுபோகிற சாக்கில் நானும் பின்னாலேயே போனேன்.

"மொத்தம் எவ்வளவு?" என்றார் தலை நிமிராமல்.

"நூத்தி முப்பத்தெட்டு சார்."

முகம் மலர்ந்தது. "பரவாயில்லையே! இருக்கறதுலயே இதுதான் குறைச்சல்."

"இருக்கறதுலயே இதுதான் மோசம் சார். இதுல மீன் துளிகூட இல்ல."

"மீன் சாப்பிட்டாருன்னு டிக் இருக்கா?"

"இருக்கு."

"அப்புறம் என்னம்மா? டிக் இருக்கும்போது மீன் எப்படி இல்லாம போகும்?"

"வயித்துல இருந்தாத்தான் சார் பாட்டில்ல வரும். டிக்கெல்லாம் வராது."

என் காதால் கேட்டிராவிட்டால் அவள் அப்படிப் பேசினாள் என்று நம்பியிருக்கமாட்டேன். மொத்தமும் நம்பவில்லை. மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மாட்டிக்கொண்டு அவளை மறுபடி பார்த்தார். அவள் தொடர்ந்தாள். "இந்தத் தாள்ல மீன்னு எழுதினா நான் கையெழுத்துப் போடமாட்டேன். ஆய்வாளர் கையெழுத்து இல்லாம அறிக்கை போகாது. படிவத்துல அதுக்கும் ஒரு கட்டம் இருக்கு சார்."

கட்டம் என்றதும் அவர் அடங்கிவிட்டார். மனிதருக்குக் கட்டத்தின்மேல் அவ்வளவு மரியாதை. அரை மணி நேரப் பேரத்துக்குப் பிறகு முடிவானது: பதினோராவது தாளில் மட்டும் மீன் வாக்கியம் இராது. மற்ற பதினெட்டிலும் இருக்கும். தசமம் ஒரு கணம் நின்றாள். பிறகு தலையாட்டினாள். பதினெட்டுக்கும் கையெழுத்துப் போட்டாள்.

நான் பதினெட்டு முறை அந்த விசையைத் தட்டினேன்.

பத்து நாளில் கம்பெனியிலிருந்து சுற்றறிக்கை வந்தது. எங்களுக்கும் ஒரு நகல். டாக்டர் அறிக்கையைப் படித்திருக்கிறார், ஆராய்ந்திருக்கிறார், ஒரு முடிவுக்கும் வந்திருக்கிறார்: "மீன் ஒவ்வாமை உள்ளவர்கள் உடல்வாகு காரணமாகக் கலவை அறைப் பணிக்குத் தகுதியற்றவர்கள். அவர்கள் உடனடியாக வேறு பிரிவுக்கு மாற்றப்படுவார்கள்." நான் அதை இரண்டு முறை படித்தேன். பொடியை மாற்றவில்லை, புகைக்கூண்டு வைக்கவில்லை, முகமூடி கொடுக்கவில்லை. மீன் சாப்பிடத் தெரியாதவனை வெளியே அனுப்பிவிட்டார்கள். இவ்வளவு மூளையைக் கண்ணாடி செய்வதில் காட்டியிருந்தால் குமிழே விழாது.

தம்பியை மூட்டை கட்டும் பிரிவுக்கு, முன்பு அவன் இருப்பதாகச் சொன்ன அதே இடத்துக்கு, இப்போது நிஜமாகவே அனுப்பினார்கள். தசமம் அன்று முழுக்க ஒரு பாட்டிலையும் தொடவில்லை. சந்தோஷப்படுகிறாள் என்று நினைத்தேன்.

ஞாயிற்றுக்கிழமை மதியம் தம்பி அவள் வீட்டுக்கு வந்தான். நானும் அங்கே இருந்தேன். பிழை திருத்துகிற புருஷனிடம் என் மகளின் கல்யாண அழைப்பிதழைக் காட்டப் போயிருந்தேன். வரும்போதே கத்திக்கொண்டு வந்தான்.

"அக்கா, நீதானே செஞ்சே?"

"என்னத்தைடா?"

"என்னைத் தூக்கிட்டாங்க! எல்லாரும் சிரிக்கிறாங்க. மீன் தின்னத் தெரியாதவன்னு பேரு வச்சுட்டாங்க. உன் ஆபீஸ்லேர்ந்துதான் பேப்பர் போயிருக்கு."

"கலவை அறைக்கு யார்டா உன்னைப் போகச் சொன்னது? ஏன்டா எங்கிட்டப் பொய் சொன்னே?" சொல்லும்போதே அவன் கையைப் பிடித்துத் திருப்பினாள். உள்ளங்கையில் கடுகு கடுகாக மேடு தட்டியிருந்தது. "இது கயிறாடா? இது கயிறா?" என்று கேட்டுவிட்டு அழ ஆரம்பித்தாள். ஆறடி ஆள் என்ன செய்வதென்று தெரியாமல் நின்றான்.

பிறகு அவள் சொன்னாள், எல்லாவற்றையும். பொடி என்ன செய்யும், மீன் என்ன செய்யாது, இரண்டும் எப்படி ஒன்றாக வரும் என்று. அவன் கேட்டுக்கொண்டே இருந்தான். முடித்ததும் ஒரே கேள்விதான் கேட்டான்.

"அப்ப மத்தவங்களுக்கு?"

தசமம் புருஷனைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். நான் அழைப்பிதழைப் பார்த்தேன்.

"அவங்களுக்கும் இருக்குமா இருக்காதா, சொல்லுக்கா."

"யார் யாருக்கு எவ்வளவுன்னு நான் சொல்லக் கூடாது. விதி."

"சரி, சொல்லாதே. ஒருத்தன் மீனே சாப்பிடலேன்னா?"

"பொடி மட்டும் தெரியும்."

"எத்தனை நாளைக்குச் சாப்பிடக் கூடாது?"

"நாலு நாள். அஞ்சுன்னா நல்லது."

இதில் ஓர் ஆளின் பெயர் இல்லை, ஒரு பாட்டிலின் எண் இல்லை. விதியை அவள் ஒரு தசமம்கூட மீறவில்லை. தம்பி எழுந்து செருப்பை மாட்டிக்கொண்டு போய்விட்டான். போட்ட சாப்பாடு அப்படியே இருந்தது.

"பதினெட்டுக்கும் கையெழுத்துப் போட்டேனேக்கா" என்றாள் அவள், கதவைப் பார்த்துக்கொண்டு. நான் தட்டியதை யார் கணக்கில் எழுதுவது?

ஆறு மாதம் கழிந்தது. அடுத்த விருந்து நாள் எப்படி நடந்தது என்பதைத் தம்பி எனக்குப் பலமுறை சொல்லிவிட்டான். ஒவ்வொரு முறையும் இறாலின் அளவு கூடிக்கொண்டே போகிறது. மூட்டைப் பிரிவிலிருந்து சாப்பாட்டுக் கூடத்தின் சன்னல் தெரியுமாம். நீள மேஜை, ஆவி பறக்கும் தட்டுகள், டாக்டர் தானே கரண்டியை எடுத்துக்கொண்டு நிற்கிறார். கலவை அறைக்காரர்கள் பத்தொன்பது பேரும், தம்பியின் இடத்துக்கு வந்த புது ஆள் உட்பட, வரிசையாக வந்து உட்கார்ந்தார்கள். முதல் ஆளின் தட்டில் டாக்டர் மீனை வைக்கப் போனார்.

"வேணாம் டாக்டர். எனக்கு ஒத்துக்காது."

"என்னய்யா, போன தடவை நாலு துண்டு தின்னீங்களே?"

"அதுக்கப்புறம்தான் ஒத்துக்கல."

அடுத்த ஆளுக்கு இறாலைப் பார்த்தாலே அரிக்கிறது. மூன்றாவது ஆளுக்கு நண்டு கனவில் வந்தாலே மூச்சுத் திணறுகிறது. பத்தொன்பது பேருக்கும் ஒரே வாரத்தில் ஒவ்வாமை வந்துவிட்டது. டாக்டரின் பல் முதன்முறையாக மறைந்ததாம்.

"ஒத்துக்காதுன்னா இந்த அறையில வேலை கிடையாது! தெரியுமில்ல?" என்று கத்தியிருக்கிறார்.

"தெரியும் டாக்டர்" என்று எழுந்திருக்கிறார் அவர்களில் மூத்தவர், கலவை அறை தொடங்கிய நாளிலிருந்து அங்கேயே இருப்பவர். சட்டைப் பையிலிருந்து அந்தச் சுற்றறிக்கையை எடுத்து விரித்தாராம். "உங்க கையெழுத்துதான். பத்தொன்பது பேரையும் மாத்திடுங்க. சாப்பாடு முடிஞ்சதும் உலைக்குக் கலவை போடணும். யாரை அனுப்பறீங்க?"

உலையை அணைத்தால் மறுபடி சூடேற்ற மூன்று வாரம் ஆகும். டாக்டர் கரண்டியைக் கீழே வைத்தார். எல்லோரும் மீனுக்குப் பதில் முட்டையை வாங்கிச் சாப்பிட்டுவிட்டு வேலைக்குப் போனார்கள். ஐந்து நாளாக அவர்கள் வீட்டிலும் மீன் வாங்கவில்லை என்பது டாக்டருக்குத் தெரியாது.

மறுநாள் பாட்டில்கள் வந்தன. டாக்டர் முன்கூட்டியே டிக் போட்டுத்தான் சீட்டுகளை அவர்களிடம் கொடுத்திருந்தார், பழக்கதோஷம். ஆனால் ஒவ்வொரு சீட்டிலும் அந்த டிக்கை அடித்துவிட்டு 'இல்லை' என்ற கட்டத்தில் ஆளுக்கொரு கையெழுத்தில் குறித்திருந்தார்கள். சிலருக்குப் பேனா பிடித்து வெகுநாள் ஆகியிருக்கும் போலிருக்கிறது. கட்டத்தை விட்டு வெளியே போயிருந்தது.

இந்த முறை தசமம் குழாயைத் தொடவேயில்லை. மொத்தத்துக்குப் பிடித்த மாதிரி, மொத்தம் மட்டும் அளந்தாள். ஒரு கட்டத்துக்கு ஓர் எண். தாளைக் கொண்டுபோய் அவர் மேஜையில் வைத்தாள்.

"மொத்தம் எவ்வளவு?"

"எல்லாமே மொத்தம்தான் சார். தொண்ணூத்தாறு, நூத்தி இருபத்தொண்ணு, நூத்தி ஐம்பத்துநாலு, இருநூத்திப் பத்து..."

"மீன்?"

"மீன் இல்ல சார். சீட்டுலயும் இல்ல, பாட்டில்லயும் இல்ல."

அவர் தாளை மேலிருந்து கீழாகப் பார்த்தார். பிறகு கீழிருந்து மேலாகப் பார்த்தார். வாழ்க்கையில் முதன்முறையாக நடுவில் உள்ள எண்களைப் படித்தார் என்று நினைக்கிறேன். கழிக்க எதுவும் இல்லை. கையெழுத்துப் போட்டார், பேனா இரண்டு முறை நின்று நின்று எழுதியது.

பிறகு நடந்தது நடக்க வேண்டியதுதான். அதிகாரிகள் வந்தார்கள், கலவை அறையைப் பூட்டினார்கள், பொடியை மாற்றினார்கள். டாக்டர் வேறெங்கோ கைகுலுக்கப் போய்விட்டார். மொத்தம் ஒரு கருத்தரங்கில் 'வகை பிரித்து அளப்பதன் அவசியம்' என்று முக்கால் மணி நேரம் பேசினார். தசமத்துக்குப் பின்வரிசையில் இடம் கிடைத்தது. படிவத்தில் இப்போது ஐந்து கட்டம்.

கதையை இங்கேயே நிறுத்தினால் எனக்குச் சௌகரியம். ஆனால் போன வாரம் ஒருவர் வந்தார். சுற்றறிக்கையை விரித்துக் காட்டினாரே, அந்த மூத்தவர். எப்போதும் நாலாம் எண் பாட்டில் அவருடையதாம். மருத்துவமனையில் பழைய அறிக்கைகளைக் கேட்கிறார்களாம். இரண்டு கையிலும் கட்டுப் போட்டிருந்தார். விரல் நுனி மட்டும் வெளியே தெரிந்தது. நான் பதினெட்டுத் தாளையும் எடுத்துக் கொடுத்தேன். நின்றபடியே ஒவ்வொன்றாகப் புரட்டினார். புரட்டச் சிரமப்பட்டார், உதவப் போனேன், வேண்டாம் என்றார்.

"எல்லாத்துலயும் ஒரே மாதிரி எழுதியிருக்கே" என்றார். "கவலைக்கு இடமில்லை. இதைப் படிச்சுட்டுத்தான் பொண்டாட்டிகிட்டச் சொல்லுவேன், பெரிய எடத்துலேயே சொல்லிட்டாங்க, ஒண்ணுமில்லன்னு. யாரும்மா எழுதினது?"

தசமம் உள்ளே இருந்தாள். மொத்தமும் இருந்தார். யாரை வேண்டுமானாலும் கைகாட்டியிருக்கலாம்.

"நான்தான்" என்றேன்.

அவர் என்னைத் திட்டுவார் என்று எதிர்பார்த்தேன், திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். தாள்களைச் சேர்த்து அக்குளில் இடுக்கிக்கொண்டார்.

"ஒரு எழுத்துப் பிழை இல்லம்மா" என்று சொல்லிவிட்டுப் படியிறங்கிப் போனார்.